சூரைக்குப் போட்ட முள்ளில் சுறா மாட்டாமலிருக்க: ஆயிரங்கால் தூண்டில் கட்டப் புதிதாக வருவோருக்கு

இழுவைமடியில் பழகிய கைக்கு ஆயிரங்கால் தூண்டில், அதாவது ஒரு நீண்ட தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் தூண்டில், புதுப் பாடம். மடியில் என்ன வந்தது என்பது தளத்தில் கொட்டிய பிறகுதான் தெரியும், தரம் பிரிப்பதெல்லாம் அதற்கப்புறம். தூண்டிலில் அப்படியில்லை. எது வர வேண்டும், எது வரக்கூடாது என்பதில் பாதியைக் கரையில் உட்கார்ந்து முள் கட்டும்போதே நாம் முடிவுசெய்துவிடுகிறோம்.

பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளில் 2,000ஐ ஆழ்கடல் சூரை (டூனா) பிடிக்கும் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. படகுக்கு 80 லட்ச ரூபாய் என்று கணக்கிட்டு, பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் தருவதாக அறிவித்தார்கள். ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் சேர்ந்த படகுகள் அவை. அதையொட்டித் தூண்டில் கட்டக் கற்க வந்த தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான்: “சூரைக்குப் போட்டா சுறா வந்து மாட்டுதேண்ணே, முள்ளு மாத்தணுமா, இரை மாத்தணுமா?” அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். தூண்டில், வலை வடிவமைப்பில் இறங்கும் பொறியியல் மாணவர்களுக்கும் இது உதவும்.

சுறாவும் விலைபோகும் மீன்தானே, ஏன் விட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம் கரையில் சுறாப்புட்டு இல்லாத வீடு குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் சுறாவைத் தேடியே ஆழ்கடல் போகிறவர்கள், அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சூரை ஒரு தடவைக்குப் பல லட்சம் முட்டை இடும். சுறா பல ஆண்டு வளர்ந்து பருவமடைந்து, மாதக்கணக்கில் கருச்சுமந்து, ஈட்டுக்குச் சில குட்டிகளையே தரும். 1970க்குப் பிறகு உலகப் பெருங்கடல்களில் சுறாவும் திருக்கையும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. போதாததற்கு, தேடிப் போகாமல் மாட்டும் சுறா நமக்கு நட்டமும் வைக்கும்: முள் போகும், கயிறு முறுக்கும், அந்த முள்ளில் ஏற வேண்டிய கேரை (மஞ்சள் செட்டைச் சூரை) ஏறாது.

முதல் படி: எந்தச் சுறா, எப்படி மாட்டுகிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று தங்கலுக்கு (கடலில் தங்கிப் பிடிக்கும் பயணத்துக்கு) ஒரு நோட்டுப் போட்டு, மாட்டிய ஒவ்வொரு சுறாவுக்கும் நான்கு விஷயம் குறியுங்கள். என்ன சுறா, மிதவையிலிருந்து எத்தனையாவது முள், முள் எங்கே குத்தியிருந்தது, தூண்டிலை வாங்கும்போது (நீரிலிருந்து இழுத்து ஏற்றும்போது) உயிர் இருந்ததா. இந்த நான்கும் தெரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

இந்தியப் பெருங்கடலில் சூரைத் தூண்டிலுக்கு அதிகம் வருபவற்றில் ஒன்று மேல்நீரில் திரியும் வழவழப்புத் தோல் சுறா. செட்டையின் நுனி வெளுத்த கடற்சுறா இப்போது அரிதாகிவிட்டது. சாட்டை போல வால் நீண்ட சுறா தனி ரகம். அது இரையை முதலில் வாலால் அடிக்கும், அதனால் பல சமயம் வாலிலேயே முள் ஏறும். வாலில் மாட்டிய சுறா பின்னோக்கி இழுபட்டு மூச்சு முட்டிச் சாகும். வாயில் மாட்டியதற்குச் செய்யும் தீர்வு இதற்கு உதவாது. பிரித்துக் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாம் படி: முள்ளுக்கு மேலே உள்ள கடைசி முழம்

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இதில் தொடங்குங்கள் என்பேன். தாய்க்கயிற்றிலிருந்து தொங்கும் ஒவ்வொரு கிளைக்கயிற்றின் கடைசித் துண்டு இரும்புக் கம்பியா, தங்கூசியா (ஒற்றை நைலான் இழையா)? சுறா மாட்டுவதில் பெரும்பங்கு இந்தத் துண்டில்தான் இருக்கிறது.

சுறாவின் பல் ரம்பம். தங்கூசியைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், கம்பியை அதனால் அறுக்க முடியாது. சூரைக்கு அப்படிப்பட்ட பல் கிடையாது, தங்கூசியே அதை நிறுத்தும். ஆகவே கம்பி கட்டுவதென்றால் ‘சுறாவும் வேண்டும்’ என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. ஆஸ்திரேலியாவில் கம்பியையும் தங்கூசியையும் ஒரே தூண்டிலில் கலந்து கட்டிப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த அந்த முடிவு எனக்கு இன்றும் பிடித்தமானது: தங்கூசியில் சுறா குறைந்தது, பெருங்கண் சூரை கூடியது. கூர்ந்த கண் உள்ள சூரை கம்பியைப் பார்த்து விலகியிருக்க வேண்டும். அறுந்துபோன முள்ளின் செலவைவிடக் கூடுதலாகக் கிடைத்த சூரையின் மதிப்பு அதிகம் என்றும் கணக்குக் காட்டினார்கள். அந்த நாட்டின் கிழக்குக் கரைச் சூரைப் படகுகளுக்கு 2005இலேயே கம்பி தடை. ஹவாயின் ஆழ்நிலைத் தூண்டில் படகுகளுக்கு 2022இல் தடை வந்தது.

கட்டும் முறை. பழைய கிளைக்கயிற்றில் கம்பித் துண்டைக் கழற்றுங்கள். அதே இடத்தில், கிளைக்கயிற்றின் மற்ற பகுதிக்கு நிகரான பலமுள்ள தங்கூசியைக் கிரிம்ப் (நெரித்து இறுக்கும் சிறு உலோகக் குழல்) வைத்துக் கட்டுங்கள். ‘சுறா கடித்தாலும் தாங்கட்டும்’ என்று தடித்த தங்கூசி போட்டால் கண்ணுக்கும் தெரியும், அறுபடவும் தாமதமாகும், பாதிப் பலன் போய்விடும். ஒவ்வொரு தங்கல் முடிந்ததும் கடைசி முழத்தை விரலில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். தேய்ந்த தங்கூசியில் நல்ல கேரையும் போகும், பிறகு பழி தங்கூசி மேல் விழும்.

புதியவர்கள் தவறவிடும் ஓர் ஆபத்து இதில் உண்டு. எடை போட்ட சுவிவல் (கயிறு முறுக்காமல் சுழலும் இணைப்பு) முள்ளுக்கு அருகில் இருக்க, தூண்டில் வாங்கும்போது இறுகிய தங்கூசி அறுந்தால், அந்த எடை துப்பாக்கிக் குண்டு போலப் படகை நோக்கித் திரும்பி வரும். கண் போகும், உயிரே போகலாம். எடையை முள்ளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் கயிற்றில் வழுக்கி ஓடும் எடையை வாங்குங்கள். கிளைக்கயிறு வாங்குபவர் தலைக்கவசமும் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் போட வேண்டும், வேர்க்கிறது என்று கழற்றக்கூடாது. அவர் நேர்க்கோட்டில் வேறு யாரும் நிற்கவும் கூடாது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அறுத்துக்கொண்டு போன சுறாவின் வாயில் முள் இருக்கிறது. அது பிழைத்ததா என்று நமக்குத் தெரியாது. தாடையில் குத்திய முள் என்றால் பிழைக்க வழி அதிகம், வயிற்றுக்குள் இறங்கிய முள் என்றால் குறைவு. தங்கூசியோடு நிறுத்தாமல் முள்ளையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மிதவையில் தனி முள் வேண்டாம்

சிலர் மிதவையிலிருந்து நேரடியாக ஒரு குட்டைக் கயிறு தொங்கவிட்டு முள் போடுவார்கள். மேல்நீர்ச் சுறாவுக்கென்றே போடுவது அது. சூரை மட்டும் வேண்டுமென்றால் அதை அவிழ்த்துவிடுங்கள், வேறு யோசனை தேவையில்லை. மேற்கு, மத்தியப் பசிபிக் நாடுகள் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 20 பாகை வரை இந்தச் சுறாக் கயிறு, கம்பி இரண்டையுமே 2024 முதல் தடைசெய்திருக்கின்றன.

மூன்றாம் படி: முள்ளின் வளைவு

ஜே முள் ஆங்கில J எழுத்து வடிவில், நிமிர்ந்த முனை கொண்டது. விழுங்கிய இடத்திலேயே குத்தும், தொண்டை, குடல் எதுவானாலும் சரி. வட்ட முள்ளின் முனை உள்நோக்கித் தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மீன் விழுங்கிக்கொண்டு திரும்பிப் போகும்போது, முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத் தாடையில் ஏறும். கயிற்றைச் சுண்டி இழுக்கக்கூடாது, அதுவாக ஏற விட வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘வட்ட முள் போட்டால் சுறா மாட்டாது’ என்று பயிற்சிகளில்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆமைக்கு அது பெரிதும் உதவுகிறது, உண்மை. சுறா மாட்டும் எண்ணிக்கையை வட்ட முள் குறைக்கும் என்று சொல்ல முடியாது. சில ஆய்வுகளில் கூடியே இருக்கிறது. காரணம் எளிது: ஜே முள்ளை விழுங்கிய சுறாவின் பல் தங்கூசி மேலேயே இருக்கும், அறுத்துவிடும். வட்ட முள் வாயோரத்தில் ஏறுவதால் தங்கூசி பல்லுக்கு வெளியே கிடக்கும், அறுபடாது. ஆனால் அப்படி மாட்டிய சுறா படகுக்கு வரும்போது உயிரோடு இருக்கிறது, முள்ளும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வட்ட முள் தருவது உயிரோடு விடும் வாய்ப்பு. அதை வாங்கிவிட்டு விடுவிக்கும் கருவி வாங்காமல் போனால் காசு வீண்.

கடையில் வாங்கும்போது முள்ளைத் தட்டையான பலகையில் வைத்துப் பாருங்கள். முனை பக்கவாட்டில் சாயாமல் பலகையோடு படிந்திருந்தால் நல்லது. சாய்வு கூடினால் உள்ளே குத்தும் வாய்ப்பும் கூடும். துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிருங்கள். அறுந்துபோன முள் மீனின் வாயில் துருப்பிடித்து உதிர்வதே அதற்கு நல்லது.

இரையைப் பற்றிச் சுருக்கமாக. ஹவாயின் மேல்நிலை வாள்மீன் படகுகள் 2004இல் ஜே முள், கணவாய் இரை இரண்டையும் விட்டு 18/0 அளவு வட்ட முள்ளுக்கும் மீன் இரைக்கும் மாறியபோது சுறா மாட்டும் வீதம் 36 சதவீதம் குறைந்தது. கணவாய் ரப்பர் போல முள்ளைப் பிடித்துக்கொள்ளும், சுறா கடிக்கக் கடிக்க முள் அருகிலேயே இருக்கும். அயிலையோ சாளையோ என்றால் கடித்ததும் பிய்ந்துவிடும். வேறு கடல்களில் இதே மாற்றம் இதே பலனைத் தரவில்லை. ஆகவே உங்கள் கடலில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: முள் எத்தனை பாகத்தில் நிற்கிறது

இரண்டு மிதவைக்கு நடுவே தாய்க்கயிறு ஊஞ்சல் மாதிரி தொய்ந்து கிடக்கும். மிதவைக் கயிறு 20 மீட்டர், கிளைக்கயிறு 20 மீட்டர் என்றால் மிதவையை ஒட்டிய முள் 40 மீட்டரைச் சுற்றி, அதாவது 22 பாகத்தில் நிற்கும். நடு முள் அதைவிட வெகு ஆழத்தில். வழவழப்புத் தோல் சுறாவும் வெண்ணுனிச் செட்டைச் சுறாவும் மேல்நீரின் வெதுவெதுப்பில் திரிபவை. அவை அதிகம் ஏறுவது மிதவையை ஒட்டிய முதல் முள், இரண்டாம் முள்ளில்தான். முதல் படியில் எழுதிய நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அப்படித்தான் இருக்கிறது என்றால் மிதவைக்கு இருபுறமும் ஒவ்வொரு முள்ளை எடுத்து நடுப்பகுதியில் சேர்த்துவிடுங்கள். மொத்த முள் எண்ணிக்கை குறையாது. மிதவைக் கயிற்றை நீட்டுவது இன்னொரு வழி.

ஹவாயில் மிதவைக்குப் பிறகு முள்ளே இல்லாத நீளமான கயிற்றை எடை கட்டித் தொங்கவிட்டு, எல்லா முள்ளையும் 100 மீட்டருக்குக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். பெருங்கண் சூரை குறையவில்லை. ஆனால் அது பெருங்கண் சூரை. நாம் தேடும் கேரை அதைவிட மேலே திரியும் மீன், கண்ணை மூடிக்கொண்டு அந்த அளவை எடுத்தால் மீன்பாடு விழும். சாட்டைவால் சுறாக்களில் ஒரு வகை பகலில் ஆழத்திலேயே கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆழம் மாற்றினால் ஒரு சுறா குறைந்து இன்னொன்று கூடலாம்.

தூண்டில் நீரில் கிடக்கும் நேரமும் வடிவமைப்பில் சேரும். சில சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் ஓடும், மூச்சு விடும். கொம்பன் சுறாவும் வழவழப்புத் தோல் சுறாவும் அந்த ரகம். கிளைக்கயிறு நீளமாக இருந்தால் மாட்டிய பிறகும் சுற்றி நீந்த இடம் கிடைக்கும். விட்டு முடித்ததிலிருந்து வாங்கத் தொடங்குவது வரை உள்ள நேரத்தைக் குறையுங்கள். சூரையின் தரத்துக்கும் அது நல்லது. வெயிலில் சூடேறிய நீரில் செத்துக் கிடந்த கேரைக்கு ஏற்றுமதிக்காரர் என்ன விலை சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

செவுள் வலையும் விடுகிறீர்களா?

விளக்குச் சோதனை ஒன்று நடந்திருக்கிறது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கரையில் அடித்தள செவுள் வலைகளில் பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கட்டிப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவில் சுறாவும் திருக்கையும் 95 சதவீதம் குறைந்திருந்தன, விற்கும் மீன் குறையவில்லை. வேண்டாதது குறைந்ததால் வலை வாங்கிப் பிரிக்கும் நேரம் பாதிக்கு மேல் மிச்சமானது. வலை பிரித்துக் கை புண்ணானவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது கரையோர அடித்தள வலை. நம் ஆழ்கடல் மிதவலைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், வலையின் ஒரு பாதியில் மட்டும் விளக்குக் கட்டி ஒப்பிட வேண்டும்.

மின்சாரமும் காந்தமும்

மாணவர்கள் முதலில் ஓடுவது இதற்குத்தான். ஆர்வம் புரிகிறது. சுறாவின் மூக்கில் சிறு துளைகள் உண்டு, உள்ளே கூழ் நிரம்பிய குழல்கள். 1678இல் இத்தாலியரான லோரென்சினி விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகின்றன. மிக மெல்லிய மின்புலத்தையும் சுறா இவற்றால் உணரும். சூரைக்கு இந்த உறுப்பு கிடையாது. சூரையைத் தொடாமல் சுறாவை மட்டும் விரட்ட இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது சரிதான்.

காந்தமும் சில அரிய உலோகங்களும் சோதித்ததில் பலன் ஒருசீராக இல்லை, அந்த உலோகங்கள் கடல்நீரில் விரைவில் கரைந்தும் போகின்றன. முள்ளுக்கு மேலே சிறு மின்கல உருளை கட்டி மின்துடிப்பு அனுப்பும் கருவி தெற்கு பிரான்சில் சோதிக்கப்பட்டது. 2022இல் வெளியிட்ட முடிவில் நீலச்சுறா 91 சதவீதம், கடற்திருக்கை 71 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஆயிரம் முள் விடும் படகில் ஆயிரம் மின்கலத்துக்குச் சார்ஜ் யார் போடுவது? இன்றைய படகுக்குத் தங்கூசி முதலில். மின்கருவியில் உழைக்க விரும்பும் மாணவர் அதன் விலையையும் சார்ஜ் நிற்கும் நேரத்தையும் தன் முதல் கணக்காக வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் படி: தளத்தில் என்ன இருக்க வேண்டும்

நீளமான கழியில் பொருத்திய கயிறு வெட்டும் கத்தி, நீண்ட கைப்பிடி உள்ள முள் கழற்றி, கம்பி வைத்திருப்பவருக்குப் பெரிய வெட்டுக்குறடு. மூன்றும் தூண்டிலை இழுத்து வாங்கும் இடத்திலேயே, கைக்கு எட்டும் கொக்கியில் தொங்க வேண்டும். அறைக்குள் பெட்டியில் இருந்தால் யாரும் போய் எடுக்க மாட்டார்கள்.

சுறாவைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு படகோரம் கொண்டுவாருங்கள். கொக்கியால் குத்தாதீர்கள், வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், செவுளில் கை விடாதீர்கள். முள் கழன்றால் கழற்றுங்கள். கழலாவிட்டால் கழியை நீட்டி முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டுங்கள். பல மீட்டர் கயிறு பின்னால் இழுபட விட்டால் அது செட்டையிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும், விட்டும் பயனில்லை. வாலில் மாட்டிய சாட்டைவால் சுறாவுக்கு வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை, அது தானாக அறுத்துக்கொள்ளாது.

விட்டே தீர வேண்டியவையும் உண்டு. திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனும் அதே ஆண்டுப் பட்டியல். சாட்டைவால் சுறாக்களைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010இல் தடை போட்டது. குஜராத்தில் மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்துத் திமிங்கலச் சுறாவை விடுகிறார்கள், வலைக்கு இழப்பீடும் தரப்படுகிறது. நம் கரையிலும் அப்படி ஓர் ஏற்பாடு கேட்டு வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆறாம் படி: மாற்றியது பலித்ததா?

ஒரு தங்கலில் சுறா குறைந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிலா, நீரோட்டம், நீரின் சூடு எல்லாம் சேர்ந்து ஆடும். ஆகவே ஒரே தூண்டிலில் இரண்டையும் கட்டுங்கள்: ஒரு முள் கம்பி, அடுத்தது தங்கூசி, அடுத்தது கம்பி. கிளைக்கயிற்றைத் தாய்க்கயிற்றில் மாட்டும் கிளிப் அருகே வண்ண நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். முள், இரை, ஆழம் எதையும் அப்போது மாற்றக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

400 முள் விடுவதாக வைத்துக்கொள்வோம், 200 கம்பி, 200 தங்கூசி. பத்து முறை விட்டால் ஒவ்வொன்றுக்கும் 2,000. கம்பியில் 12 சுறா, தங்கூசியில் 4 என்றால், ஆயிரம் முள்ளுக்கு 6, 2 என்று எழுதுங்கள். அதே தாளில் கேரை எத்தனை, எத்தனை கிலோ என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். சூரைக் கணக்கு இல்லாத சோதனையைப் படகு உரிமையாளர் படிக்கவே மாட்டார், அது அவர் தப்பில்லை.

அந்தத் தாளில் இன்னொரு கட்டமும் கட்டாயம்: அறுந்து வந்த கிளைக்கயிறு எத்தனை. அறுந்த முனையை எடுத்துப் பாருங்கள். சுறா கடித்தது கசங்கிச் சிராய்த்து இருக்கும், கிரிம்ப் வழுக்கியது சுத்தமாக இருக்கும். முதல் வகையைச் ‘சுறா போனது’ என்றும் இரண்டாவதைக் ‘கட்டு சரியில்லை’ என்றும் தனித்தனியே எழுதுங்கள். கட்டு சரியில்லாதது அதிகமாக இருந்தால் கிரிம்ப் அடிக்கும் இடுக்கியை முதலில் மாற்றுங்கள், தங்கூசியின் அளவுக்குப் பொருந்தும் வாயுள்ளதாக.